இரண்டாம் முறை, மூன்றாம் வரிசை

செப்டம்பர் ஏழாம் தேதி வகுப்பு.
கையில் இருப்பது நாற்பத்தோரு நாள்,
ஒரு பென்சில்,
பின்பக்கம் வெறுமையான சரக்குச் சீட்டுக் கட்டு ஒன்று.

விர்ட்சுவிலிருந்து குய்வாஸ்துவுக்கு
அரைமணிக்குச் சற்றுக் குறைவு.
கார்களை ஏற்றி, லாரிச் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து,
சங்கிலி மாட்டி மேலே போனால்
பதினாறு நிமிடம் எனக்கே எனக்கு.

பதினாறு நிமிடத்தில் ஒரு பெட்டி வரையலாம்,
அதை இரண்டாகப் பிளக்கலாம்:
இடது பாதியில் ஓர் எண்,
வலது பாதியில் ஓர் அம்பு.
அம்பு அடுத்த பெட்டிக்கு. அது அதற்கும் அடுத்ததற்கு.
கடைசிப் பெட்டியின் அம்புக்குப் போக்கிடம் இல்லை;
அங்கே ஒரு சாய்கோடு போடு என்கிறது புத்தகம்.
சாய்கோடு போடுவதில் மட்டும்
எனக்குத் தவறே வந்ததில்லை.

போன வருடம் ஆப்பு எனக்கு:
நூற்றுக்கு இருபத்திரண்டு.
தார்த்து விடுதியில் ராத்திரி முழுக்கக் கட்டிய நிரல்
விடியும்போது சொன்னது ஒரே வரி,
செக்மென்டேஷன் ஃபால்ட்.
எங்கே என்று சொல்லவில்லை.
பேராசிரியர்மேல் குறையில்லை.
அவர் அம்புகளை அழித்து எழுதிய வேகத்துக்கு
நான் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

ராய்கோ தேறிவிட்டான். செய்தி அனுப்பினான்:
"படிக்காதே. பட்டியலின் நடுவிலிருந்து
ஒரு பெட்டியை நீக்கு. பார்க்காமல். இருபது தடவை.
அப்புறம் பேசு."
பதினான்கு தடவை நீக்கினேன்.
ஒன்பதில் மிச்சப் பட்டியலைக் காணோம்.

அழித்த அம்பு அழிந்ததுதான்.
அதற்கப்பால் இருந்த பெட்டிகள்
அங்கேயேதான் இருக்கின்றன,
எண்களோடு, ஒழுங்காக, ஒன்றை ஒன்று பிடித்தபடி.
போய்ச் சேரத்தான் வழியில்லை.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிக்கு முந்தைய படகு.
கரை தட்டி முன் கதவு இறங்கியாயிற்று.
முதலில் ஏறியவன் முதலில் இறங்குவான், அது கியூ.
(ஒற்றைக் கதவுச் சின்னப் படகில் இரண்டு மாதம் இருந்தேன்;
அங்கே கடைசியில் வந்தவன்தான் ராஜா. அது ஸ்டாக்.)
மூன்றாம் வரிசையில், ஆறாவதாக,
ஒரு பச்சை வண்டி கிளம்ப மறுத்தது.
கூரையில் இரண்டு சைக்கிள்,
பின்சீட்டில் அழும் குழந்தை,
எஞ்சினில் ஓர் இருமல்.
பின்னால் எட்டு வண்டிகள்.
எட்டும் சேர்ந்து ஹாரன் அடித்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்திருக்கக் கூடாது.
நினைவகத்தில் தொலைந்தவை ஹாரன் அடிப்பதில்லை.
அதுதான் என் இருபத்திரண்டு மதிப்பெண்.

பச்சை வண்டியிடம் ஓடப் போனவள் நின்றேன்.
அதற்குப் பின்னாலிருந்த வேனின் மூக்கில்
இடது கையை வைத்தேன்: நீ என்னைப் பார்.
அதன் பிறகுதான் வலது கையால்
இரண்டாம் வரிசையை நிறுத்தி இடைவெளி பிடித்தேன்.
வேன் ஒடித்து வெளியே வந்தது,
அதன் வாலைப் பிடித்து ஏழும்.
பச்சை வண்டி தனியாக நின்றது,
எந்த அம்பும் அதை நோக்கி இல்லாமல்.
தார்மோ பேட்டரி கேபிளோடு வந்தான்.
என் சட்டைப்பையில் உருகிப்போயிருந்த தயிர் மிட்டாயைக்
குழந்தை அழுகையை நிறுத்தாமலே வாங்கிக்கொண்டது.

அன்றிரவு பதினைந்தாவது தடவை.
முதலில் பின்னால் இருப்பதைப் பிடி.
பிறகு முன்னால் இருப்பதை விடு.
இரண்டே வரி. இடம் மாறினால் எல்லாம் போச்சு.
பார்க்காமல் எழுதினேன். ஓடியது.
இருபதையும் முடித்தேன், பெருமைக்காக இல்லை,
ராய்கோ எண்ணிக் கேட்பான்.

இன்னும் பத்தொன்பது நாள்.
மரங்கள் பாக்கி இருக்கின்றன,
ஒரு பக்கம் சாய்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும் மரங்களாம்.
அந்த அத்தியாயத்தில் ஒரு சரக்குச் சீட்டைச்
செருகி மட்டும் வைத்திருக்கிறேன்.
ஹாஷிங் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

கீழே சங்கிலிச் சத்தம்.
ஏற ஆரம்பித்துவிட்டார்கள்.